விடை சரி, நிரல் சரியா?



கணிப்பொறி அறிவியல் செய்முறைத் தேர்வு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாணவர்களின் மதிப்பெண்களுக்குச் சராசரி காணும் நிரல் ஒன்றை எழுதுகிறீர்கள். எண்களைக் கொடுக்கிறீர்கள். திரையில் சரியான விடை வருகிறது. ஆசிரியர் எட்டிப் பார்க்கிறார், 'அவுட்புட் வந்துவிட்டதா? சரி!' என்று பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். நீங்களும் மகிழ்ச்சியோடு வெளியே வருகிறீர்கள்.

அந்த நிரலில் மாணவர் எண்ணிக்கை என்ற இடத்தில் யாராவது பூஜ்யம் என்று கொடுத்தால் என்ன ஆகும்? மதிப்பெண் 105 என்று கொடுத்தால் என்ன ஆகும்? நீங்களும் கேட்கவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. விடை சரியாக வந்ததால் நிரலும் சரி என்று இருவரும் முடிவு செய்துவிட்டீர்கள்.

இந்த முடிவு தவறு என்பதே என் கருத்து. ஒரு நிரலை அதன் விடையைப் பார்த்து மட்டும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. அதை எழுதாத இன்னொருவர் வரிவரியாகப் படிக்க வேண்டும். 'நல்ல சரக்கு வந்தால் இது என்ன செய்யும்' என்பதோடு, 'கெட்ட சரக்கு வந்தால் என்ன செய்யும்' என்றும் அவர் கேட்க வேண்டும். இது ஏதோ பள்ளிக்கூடச் சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். உலகெங்கும் கோடிக்கணக்கான கணிப்பொறிகளை இயக்கும் லினக்ஸ் என்னும் மென்பொருளிலேயே இப்படி ஒரு கதை நடந்திருக்கிறது. அதைப் பார்ப்போமா?

இல்லாத கம்பி

இன்று பெரிய கணிப்பொறி நிலையங்களில் ஒரே எந்திரத்துக்குள் பல வேலைகள் தனித்தனி அறைகளில் நடக்கின்றன. இந்த அறைகளைக் கண்டெய்னர் என்கிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கும் சரக்குப் பெட்டிகளைப் போல ஒவ்வொன்றும் மூடிய தனிப் பெட்டி. ஓர் அறையில் இருக்கும் நிரலுக்கு அடுத்த அறை தெரியாது. தான் மட்டுமே ஒரு முழுக் கணிப்பொறியில் இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கும்!

அப்படியானால் அறைக்குள் இருக்கும் நிரல் வெளியுலகோடு பேசுவது எப்படி? உண்மைக் கணிப்பொறியில் அதற்கென்று ஒரு வலையட்டை இருக்கும். அதில் கம்பி செருகியிருக்கும். கண்டெய்னருக்குள் அட்டையும் இல்லை, கம்பியும் இல்லை. எனவே லினக்ஸ் ஒரு பொய்க் கம்பியை உண்டாக்கித் தருகிறது. அதன் ஒரு முனை அறைக்குள்ளும் மறுமுனை அறைக்கு வெளியிலும் இருக்கும். ஒரு முனையில் போட்டது மறுமுனையில் வந்து விழும். இதுவே மெய்நிகர் வலைக்கருவி. இதை இயக்கும் சிறிய நிரலுக்கு டிரைவர் என்று பெயர். லினக்ஸில் இந்தப் பொய்க் கம்பியின் டிரைவரை 'வீத்' என்று அழைக்கிறார்கள். நம் கதை இந்த வீத்தைப் பற்றியது.

அஞ்சல் குறியீடும் கூட்டுத்தொகையும்

அதற்கு முன் ஒரு சிறு கணக்கு. உங்கள் நண்பனுக்கு மூன்று எண்களைத் தொலைபேசியில் சொல்கிறீர்கள்: குரோம்பேட்டை 600044, மேற்குத் தாம்பரம் 600045, கிழக்குத் தாம்பரம் 600059. நண்பன் சரியாக எழுதிக்கொண்டானா என்று எப்படித் தெரியும்? மூன்றையும் கூட்டி, '1800148' என்று நான்காவது எண்ணாகச் சொல்லிவிடுங்கள். அவன் 600045-ஐ 600054 என்று எழுதியிருந்தால் அவனுக்குக் கிடைக்கும் கூட்டுத்தொகை 1800157. இரண்டும் பொருந்தவில்லை! 'தப்பு, திரும்பச் சொல்' என்பான்.

இணையத்திலும் இதுவே நடக்கிறது. செய்தியைத் துண்டு துண்டாக, பாக்கெட்டுகளாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பாக்கெட்டோடும் அதன் சரிபார்ப்புத் தொகையும் போகிறது. பெறும் கணிப்பொறி தானே கூட்டிப் பார்க்கும். பொருந்தாவிட்டால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். 'கிடைத்தது' என்ற பதில் வராததால் அனுப்பியவர் அதே பாக்கெட்டை மீண்டும் அனுப்புவார். வழியில் ஏதாவது ஒரு கருவி பழுதாகிச் செய்தியைக் கெடுத்தாலும் வேலை கொஞ்சம் தாமதமாகுமே தவிர, கெட்ட செய்தி நம் கைக்கு வராது.

இந்தக் கூட்டுத்தொகை எல்லாத் தவறுகளையும் கண்டுபிடித்துவிடாது. நண்பன் மூன்று எண்களையும் வரிசை மாற்றி எழுதினால் தொகை மாறுவதில்லை அல்லவா? ஆயினும் பெரும்பாலான தவறுகளை இது பிடித்துவிடும்.

மாடிப்படியில் ஒரு முத்திரை

இனி வீத்துக்கு வருவோம். சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்சல்கள் வாசலுக்கு வருகின்றன. வாசல் காவலர் ஒவ்வொன்றையும் பார்க்கிறார். கட்டு நன்றாக இருந்தால் 'பார்த்தாயிற்று' என்று முத்திரை குத்துகிறார். அவருக்குச் சரியாகப் படாத பார்சலை முத்திரையில்லாமல் மேலே அனுப்பிவிடுகிறார். 'முத்திரை இல்லையே!' என்று வீட்டுக்காரர் தாமே பிரித்துச் சோதித்துக்கொள்வார். நல்ல ஏற்பாடுதான்.

குடியிருப்புக்குள்ளேயே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கும் பார்சல்கள் போகும். அவை மாடிப்படி வழியாகப் போகின்றன, சாலையையே பார்ப்பதில்லை. எப்படிக் கெடும்? ஆகவே மாடிப்படியில் பார்சல் தூக்கும் பையனிடம், 'முத்திரை இல்லாத பார்சல் எதைக் கண்டாலும் சோதிக்கத் தேவையில்லை என்று நீயே ஒரு முத்திரை குத்திவிடு. வீட்டுக்காரருக்கு வேலை மிச்சம்' என்று யாரோ சொல்லிவைத்தார்கள்.

எங்கே தவறு என்று கண்டுகொண்டீர்களா? வெளியிலிருந்து வரும் பார்சலும் அதே மாடிப்படியில்தான் ஏறுகிறது! காவலர் முத்திரை குத்தாமல் விட்ட உடைந்த பார்சலுக்கும் பையன் முத்திரை குத்திவிடுகிறான். வீட்டுக்காரர் அதை நம்பி வாங்கிக்கொள்கிறார்.

வீத் டிரைவரில் நடந்ததும் இதுவே. அந்தப் பொய்க் கம்பி ஒரே எந்திரத்தின் நினைவகத்துக்குள் இருக்கிறது. அங்கே செய்தி கெட வழியில்லை. கூட்டிப் பார்ப்பது வீண் வேலை. இப்படி எண்ணித்தான், 'சரிபார்க்கவில்லை' என்ற குறியோடு வரும் பாக்கெட்டின் குறியைச் 'சரிபார்க்கத் தேவையில்லை' என்று மாற்றும் வரிகளை எழுதியிருந்தார்கள். நல்ல நோக்கம், வேகமும் கூடும். பாக்கெட்டுகள் ஒழுங்காக வந்த வரையில் விடையும் சரியாகவே வந்தது. ஆண்டுக்கணக்கில் வந்தது!

2015-ல் நடந்தது

அந்நாளில் ட்விட்டர் என்று பெயர் கொண்டிருந்த நிறுவனத்தில் (இன்று அதன் பெயர் எக்ஸ்) 2015-ஆம் ஆண்டில் சில நிரல்கள் விநோதமாகத் தடுமாறின. தேடிப் பார்த்தபோது, பாக்கெட்டுகளை வழிப்படுத்தும் ஸ்விட்ச் என்னும் கருவி ஒன்று பழுதாகி அவற்றின் உள்ளடக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கருவி பழுதாவது புதிதல்ல. சரிபார்ப்புத் தொகை இருப்பதே இதற்காகத்தானே? கெட்ட பாக்கெட்டுகள் நிரலின் கைவரை எப்படி வந்தன? இதுதான் அங்கிருந்த பொறியாளர்களைத் திகைக்க வைத்த கேள்வி.

விஜய் பாண்டுரங்கன், எவன் ஜோன்ஸ் என்னும் இரு பொறியாளர்கள் படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று, காரணம் வீத் டிரைவரின் அந்தச் சில வரிகளே என்று கண்டார்கள். கண்டெய்னருக்குள் இல்லாத நிரல்களுக்கு ஆபத்தில்லை; அவற்றுக்கு வரும் கெட்ட பாக்கெட்டை லினக்ஸ் எறிந்துவிடும். கண்டெய்னர்களிலும் எல்லா அமைப்பிலும் இது நேரவில்லை. சில அமைப்புகளில் மட்டுமே நேர்ந்தது. நேர்ந்த இடத்தில் மணி அடிக்கவில்லை, விளக்கு எரியவில்லை; தவறான எண் சரியான எண்ணைப் போலவே வந்து உட்கார்ந்துகொண்டது. நின்றுபோகும் எந்திரத்தை உடனே கவனிக்கிறோம். ஓடிக்கொண்டே தவறு செய்யும் எந்திரமே அதிக ஆபத்தானது.

2015 டிசம்பரில் பாண்டுரங்கன் திருத்தத்தை எழுதி அனுப்பினார். எவ்வளவு பெரிய திருத்தம் என்கிறீர்களா? விரல்விட்டு எண்ணக்கூடிய வரிகளை நீக்கினார். புதிதாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை!

'படித்துப் பார்த்தேன்' என்னும் கையெழுத்து

லினக்ஸில் யார் திருத்தம் எழுதினாலும் அது நேரே உள்ளே போய்விடாது. என்ன மாற்றம், ஏன் இந்த மாற்றம் என்று விளக்கி, எல்லாரும் பார்க்கும்படி அனுப்ப வேண்டும். அந்தப் பகுதியை அறிந்தவர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள். ஒப்புக்கொண்டவர்கள் தம் பெயரைத் திருத்தத்தின் அடியில் பதிப்பார்கள். கடைசியில் அந்தப் பகுதியின் பொறுப்பாளர் ஏற்றுக்கொள்வார். வலைப் பகுதிக்கு அப்போது பொறுப்பாளராக இருந்தவர் டேவிட் மில்லர். யார் எழுதினார், யார் ஒப்பினார், யார் ஏற்றார் என்பதெல்லாம் அந்தத் திருத்தத்தோடு என்றும் நிலைத்திருக்கும். இதைத்தான் நிரல் மறுபார்வை என்கிறோம்.

இந்தத் திருத்தத்தைப் படிப்பவர் என்ன கேட்பார்? நீங்களே மறுபார்வையாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி: 'இந்த வரிகளை முன்பு ஏன் எழுதினார்கள்?' விடை: உள்ளேயே பிறந்த பாக்கெட்டுகளைக் கூட்டிப் பார்க்கும் வேலையை மிச்சப்படுத்த. அடுத்த கேள்வி: 'நீக்கிவிட்டால் அந்த மிச்சம் போய்விடுமே?' இங்கேதான் சுவையான விஷயம் இருக்கிறது. எந்திரத்துக்குள்ளேயே பிறக்கும் சாதாரண பாக்கெட்டுகளுக்கு லினக்ஸ் வேறொரு குறியை இடுகிறது: 'கூட்டுத்தொகை இன்னும் நிரப்பப்படவில்லை' என்பது அதன் பொருள். அந்தக் குறியை வீத் தொடுவதே இல்லை. அப்படியானால் நீக்கப்படும் வரிகள் பெரும்பாலும் யாரைப் பாதித்துவந்தன? வெளியிலிருந்து, சோதிக்கப்படாமல் வந்த பாக்கெட்டுகளைத்தான்! எவற்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டுமோ அவற்றுக்கே சோதனை தவிர்க்கப்பட்டு வந்தது. இதை உணர்ந்ததும், வரிகளை நீக்குவது சரி என்று தெரிந்துவிடுகிறது.

திருத்தம் ஏற்கப்பட்டது, பழைய பதிப்புகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. கதை அத்தோடு முடியவில்லை. 2016-ல் ஒருவர், பாக்கெட்டுகளைத் தாமே கையாளும் தனி வகை மென்பொருள் ஒன்றில் தம் பாக்கெட்டுகள் இப்போது தள்ளுபடியாகின்றன என்று முறையிட்டார். சரியான திருத்தமும் யாரோ ஒருவருக்கு இடையூறாகலாம். அதனால்தான் மூன்றாவது கேள்வியும் வேண்டும்: 'இந்த மாற்றத்தால் பாதிக்கப்படுகிறவர் யார்?'

'முதலில் அந்தத் தவறான வரிகளையும் யாரோ மறுபார்வை செய்துதானே ஏற்றிருப்பார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆம், பல கண்கள் அந்த வரிகளைக் கடந்து சென்றிருக்கின்றன. எத்தனை கண்கள் பார்த்தன என்பது மட்டும் போதாது. அவை எதைத் தேடிப் பார்த்தன என்பதும் முக்கியம். எல்லாரும் நல்ல பாக்கெட்டையே மனத்தில் வைத்துப் படித்தால் எல்லாருக்கும் நல்லதாகவே தெரியும்.

குரோம்பேட்டையில் ஒரு மறுபார்வை

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடக்கும் விஷயம் என்று எண்ண வேண்டாம். தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்ரயிலில் ஏறுங்கள். சானடோரியத்துக்கு அடுத்த நிலையம் குரோம்பேட்டை. அங்கே 1949-ல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. கல்லூரி இருக்கிறது. 1950-களில் அங்கு விமானப் பொறியியல் படித்த மாணவர் ஒருவர், நண்பர்களுடன் சேர்ந்து தாழப் பறக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார். வரைபடங்களைப் பார்த்த கல்லூரி இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன், வேலை திருப்தியாக இல்லை என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். மாணவர் ஒரு மாத அவகாசம் கேட்டார். கிடைத்தது மூன்றே நாள். இரவுபகலாக உழைத்து மூன்று நாளில் முடித்தார். பேராசிரியர் மனமாரப் பாராட்டினார். அந்த மாணவர்தாம் அப்துல் கலாம். இதை அவரே தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பேராசிரியர் விமானம் பறக்கட்டும், விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவில்லை. காகிதத்தில் இருந்தபோதே படித்தார், குறையைச் சொன்னார். விமானத்துக்கு இது வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் நாம், நிரலுக்கு மட்டும் 'ஓடுகிறதா? போதும்!' என்கிறோமே, ஏன்?

அதே எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து, 2005-ல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' என்னும் இந்திய இயக்க மென்பொருள் சென்னை சி-டாக்கில் உருவானது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் அது இருந்தது. உங்கள் அக்காவோ அண்ணனோ அதைப் பார்த்திருப்பார்கள். லினக்ஸின் நிரல்கள் திறந்த புத்தகம். வீத் டிரைவரைப் பல்லாவரத்தில் உட்கார்ந்தும் படிக்கலாம். பெருங்களத்தூரில் உட்கார்ந்தும் படிக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

ஆகவே நான் சொல்லும் யோசனை இது. கணிப்பொறி செய்முறை நோட்டில் ஆசிரியர் கையெழுத்துக்கு மேலே இன்னொரு கையெழுத்துக்கும் இடம் விடுவோம். அது உங்கள் வகுப்புத் தோழருடையது. 'இந்த நிரலை வரிவரியாகப் படித்தேன். இன்னின்ன கேள்வி கேட்டேன்' என்று அவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவருடைய நிரலை நீங்கள் படிக்க வேண்டும். பிறகே இருவரும் ஆசிரியரிடம் போக வேண்டும்.

'பார்த்து எழுத இது வழியாகிவிடுமே' என்று சில ஆசிரியர்கள் அஞ்சலாம். எழுதி முடித்த பிறகே நோட்டை மாற்றிக்கொள்வது என்று வைத்தால் அந்த அச்சம் வேண்டாம். மேலும், புரியாமல் காப்பியடித்தவரால் தோழரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதே! 'பாடத்திட்டத்துக்கே நேரம் போதவில்லை' என்பது மற்றொரு தடை. உண்மைதான். பத்து நிரல் எழுதும் இடத்தில் எட்டு எழுதி, அந்த எட்டையும் நன்றாகப் படித்தால் இழப்பு ஒன்றுமில்லை என்பேன்.

'என் தப்பை அவன் சொல்வதா?' என்ற ரோஷம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. நம் வகுப்பறைகளில் தவறு என்றாலே தலைகுனிவு என்று பழகிவிட்டோம். இதை மாற்ற வேண்டியவர்கள் நீங்கள்தாம். குறை சொல்லப்படுவது நிரலைப் பற்றி; உங்களைப் பற்றியல்ல. கேட்கிறவரும் 'இதுகூடத் தெரியாதா?' என்று கேட்காமல், 'இங்கே பூஜ்யம் வந்தால் என்ன ஆகும்?' என்று கேட்கப் பழக வேண்டும். முன்னது ஆளைக் காயப்படுத்தும். பின்னது நிரலைத் திருத்தும்.

நண்பர்களே, உங்களில் பலர் நாளை சானடோரியத்தின் மெப்ஸ் வளாகத்திலோ, சோழிங்கநல்லூரிலோ, சிறுசேரியிலோ மென்பொருள் எழுதப் போகிறவர்கள். வங்கிக் கணக்கும், ரயில் முன்பதிவும், மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனை முடிவும் உங்கள் கையால் எழுதிய வரிகளைக் கடந்து செல்லக்கூடும். அன்றைக்கு யாரோ ஒரு நோயாளியின் எண் 45 என்பது 54 ஆகி, ஒரு சத்தமும் இல்லாமல் மருத்துவர் மேசைக்குப் போகலாமா? கூடாது என்றால் பழக்கத்தை இன்றே தொடங்க வேண்டும்.

இந்த வாரமே செய்து பாருங்கள். நீங்கள் கடைசியாக எழுதிய நிரலைத் தோழரிடம் கொடுங்கள். கெட்ட எண்ணாகப் பார்த்து மூன்று எண்களை அவரையே தேர்ந்தெடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நிரல் 'இது தவறு' என்று சொல்கிறதா, அல்லது அமைதியாக ஒரு விடையைத் தருகிறதா என்று கவனியுங்கள். அமைதியாக விடை தந்தால் நீங்கள் திருத்த வேண்டிய வரி அங்கே இருக்கிறது. கண்டுபிடித்துக் கொடுத்த தோழருக்கு நன்றி சொல்ல மறந்துவிடாதீர்கள்!